மகாவித்துவான் மீனாட்சிசுந்தரனார்

ஒருவர் இயற்றிய நூலைப் புகழ்வோர் பலர்; அதன் பிழையைக் காட்டுவோர் சிலர்; காட்டுங்கால் ஆக்கியோன் மனம் நோகாமலும், உண்மை குறையாமலும் காட்டுவோர் மிகச் சிலர். பிறர் காட்டும் பிழையை முகம் வாடாமல் ஏற்றுக்கொள்வோரோ அவரினும் அரியர். இவ்விரு பண்புகளும் ஒருங்கே அமையப்பெற்றுத் தமிழ் வளர்த்த பெரும்புலவர் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சோழ நாட்டில் வாழ்ந்தார். அவரே திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஆவார்.

இளமையும் கல்வியும்

மீனாட்சிசுந்தரனார் 1815ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 6ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சிதம்பரம் பிள்ளை, தாயார் அன்னத்தாச்சியார். சிதம்பரம் பிள்ளை திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள சிற்றூர்களில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்து வாழ்ந்தவர். அவரே தம் மைந்தர்க்கு முதல் ஆசிரியராகவும் விளங்கினார். நிகண்டும், அந்தாதிகளும், இலக்கணத்தின் தொடக்கப் பகுதிகளும் தந்தையாரிடமே கற்ற மீனாட்சிசுந்தரனார் இளம்பருவத்திலேயே அவரை இழந்தார். வறுமை வந்தது, ஆயினும் கல்வியில் கொண்ட வேட்கை குறையவில்லை.

அக்காலத்தில் தமிழ் நூல்களுள் மிகப் பல ஏட்டுச் சுவடிகளாகவே இருந்தன. ஒரு நூலைக் கற்க வேண்டுமானால் அதன் சுவடி இருக்கும் இடத்தையும், அதனைப் பாடம் சொல்ல வல்லவரையும் தேடிச் செல்லுதல் வேண்டும். மீனாட்சிசுந்தரனார் திருச்சிராப்பள்ளியில் தங்கி அங்கிருந்த புலவர் பலரையும் அடுத்துத் தமக்கு வேண்டிய பாடங்களைக் கேட்டார்.

அந்நாளில் தண்டியலங்காரம் என்னும் அணியிலக்கண நூலை நன்கு பயின்ற பரதேசி ஒருவர் அந்நகரில் வீடுதோறும் பிச்சையேற்று உண்டு வந்தார். அவரிடம் அந்நூலைப் பாடம் கேட்க மீனாட்சிசுந்தரனார் விரும்பினார். பரதேசியோ ஓரிடத்தில் நிலைத்து இருப்பவர் அல்லர். எளிதில் பாடம் சொல்பவரும் அல்லர். எனினும் மீனாட்சிசுந்தரனார் சலிக்கவில்லை. அவர் செல்லும் தெருக்களிலெல்லாம் பின்தொடர்ந்தார். அவர் விரும்பிய பொருள்களை வாங்கிக் கொடுத்தார். அவர் மனம் மகிழ்ந்திருக்கும் பொழுதறிந்து ஐயங்களை வினாவினார். இவ்வாறு சிறிது சிறிதாக அந்நூல் முழுவதையும் கற்று முடித்தார். கற்றவரிடம் கற்க வேண்டுமே யன்றி, அவருடைய உடையையும் நிலையையும் நோக்குதல் கூடாது என்பது அவர் கருத்து. பிற்காலத்தில் தம்மிடம் வந்தோரையெல்லாம் அவர் ஒருதன்மையாக மதித்தமைக்கு இப்பயிற்சியே அடிப்படையாயிற்று எனலாம்.

சென்னைப் பயணம்

இளமையிலேயே அவர் பாடல் இயற்றுவதில் வல்லவரானார். திருவானைக்காவில் எழுந்தருளியுள்ள அகிலாண்டநாயகியின்மீது பிள்ளைத்தமிழ் பாடினார். சுற்றியிருந்தோர் புகழ்ந்தனர். ஆனால் ஊரார் புகழ்ச்சியோடு அவர் அமைதி கொள்ளவில்லை. தம் பாடலில் தமக்குப் புலப்படாத குறை இருத்தல் கூடும். அதனைக் காண வல்லவர் பார்வையில் பாடல் படுதல் வேண்டும் என்று எண்ணினார்.

அந்நாளில் சென்னை தமிழறிஞர் பலர் கூடிய நகரமாயிருந்தது. அச்சுக்கூடங்கள் பெருகி வந்தமையால் சுவடிகளை ஆராய்ந்து பதிப்பிக்கும் புலவர் பலர் அங்கே தங்கினர். காஞ்சிபுரம் சபாபதி முதலியாரும், 1847ஆம் ஆண்டில் தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேற்றிய மழவை மகாலிங்கையரும் அவர்களுள் சிறந்தவர்கள். மீனாட்சிசுந்தரனார் சென்னைக்குச் சென்று இப்பெரியோர்களைக் கண்டார்; நூல்களில் தமக்கிருந்த ஐயங்களை வினாவித் தெளிந்தார். தம் ஊரில் புலவர் என்று பெயர் பெற்றுவிட்ட ஒருவர், பிறிதோர் ஊரில் மாணாக்கராக அமர்வது எளிய செயல் அன்று. கல்வியிற் பெரியவராக வேண்டுமெனும் எண்ணத்தினும், பெரியவராகக் காணப்பட வேண்டுமெனும் எண்ணம் மிகுந்தவர்க்கு அது இயலாது.

மாணாக்கரைத் திருத்திய முறை

மீனாட்சிசுந்தரனார் ஏறத்தாழ 1860ஆம் ஆண்டளவில் மாயூரத்திற் குடியேறினார். திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு மகாவித்துவான் என்னும் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. பல ஊர்களிலிருந்தும் மாணாக்கர் அவரை நாடி வந்தனர். தியாகராச செட்டியார், சவேரிநாத பிள்ளை, நாகூர் குலாம்காதிறு நாவலர், உ. வே. சாமிநாதையர் ஆகியோர் அவரிடம் பாடம் கேட்டவர்கள். சைவர், வைணவர், கிறித்தவர், இசுலாமியர் என்ற வேற்றுமை அவர் கல்விச் சாலையில் இல்லை. மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை அவருக்கு உற்ற நண்பராயிருந்தார். அவர்மீது மீனாட்சிசுந்தரனார் குளத்தூர்க் கோவை என்னும் நூலையும் இயற்றினார்.

மாணாக்கர்கள் பாடம் கேட்பதோடு செய்யுள் இயற்றவும் பழகினர். ஆசிரியர் ஒரு பொருளையோ, ஓர் ஈற்றடியையோ கொடுப்பார். மாணாக்கர் செய்யுளை முடித்துக் காட்டுவர். கட்டளைக் கலித்துறையை எடுத்துக்கொண்டால், நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கி எழுத்துப் பதினாறும், நிரையசையில் தொடங்கும் அடிக்குப் பதினேழும் இருத்தல் வேண்டும். நான்கடியும் ஒரே எதுகை பெறுதல் வேண்டும். செய்யுள் ஏகாரத்தில் முடிதல் வேண்டும். இத்துணைக் கட்டுப்பாடுகளுக்குள் கருத்தும் சிதையாமல் நிற்றல் வேண்டும். தொடக்கத்தில் மாணாக்கர்க்கு எழுத்து நிரம்பினால் கருத்துக் குறையும்; கருத்து நிரம்பினால் ஓசை கெடும்.

இவ்விடத்தில்தான் நல்லாசிரியரின் திறம் வெளிப்படும். செய்யுளைப் பயனற்றதென்று தள்ளிவிடுதல் ஒரு வழி. முழுவதையும் தாமே மாற்றிப் பாடிவிடுதல் மற்றொரு வழி. முன்னதால் மாணாக்கர் ஊக்கம் இழப்பர். பின்னதால் செய்யுள் ஆசிரியருடையதாகிவிடும். மாணாக்கர் கற்றது ஒன்றும் இராது. மீனாட்சிசுந்தரனார் இவ்விரண்டையும் விலக்கினார். முதலில் மாணாக்கர் சொல்லக் கருதியது யாது என்பதை அறிந்துகொள்வார். பின்னர் அக்கருத்துக்கு இடையூறாக நிற்கும் சொல்லை மட்டும் சுட்டி, வேறொரு சொல்லை அமைத்துக் காட்டுவார். அச்சொல் அமைந்தவுடன் செய்யுள் முழுதும் ஒளி பெறும். தம் கருத்து அழியாமலே பிழை நீங்கியதைக் கண்ட மாணாக்கர் மேலும் ஒரு செய்யுள் இயற்ற விரும்புவரே அன்றி, எழுத்தாணியைக் கீழே வைக்க விரும்பார்.

கடுஞ்சொல் கூறுதல் அவர் இயல்பன்று. ஆனால் பொய்யாகப் புகழ்தலும் அவர் இயல்பன்று. இவ்விரண்டு இயல்புகளும் ஒன்றோடொன்று மோதிய நிகழ்ச்சி ஒன்று அவர் வாழ்வில் உண்டு.

நந்தனார் சரித்திரக் கீர்த்தனை

மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியார் என்னும் இசைப்புலவர் வாழ்ந்தார். சிவபத்தியிலும், இசையறிவிலும், எளிய வாழ்க்கையிலும் சிறந்தவர் அவர். திருநாளைப்போவார் நாயனாரின் வரலாற்றை அவர் கீர்த்தனைகளாக இயற்றிக் கதையாகப் பாடி வந்தார். கேட்டோர் உருகினர். அந்நூலை அச்சேற்ற வேண்டும் என்னும் விருப்பம் எழுந்தபோது, மகாவித்துவானிடம் ஒரு சிறப்புப்பாயிரம் பெறப் பாரதியார் விரும்பினார்.

சிறப்புப்பாயிரம் என்பது வெறும் வாழ்த்து அன்று. எத்துணைச் சிறப்புகள் அமைந்திருந்தாலும் பாயிரம் இல்லாதது நூல் ஆகாது என்பது நன்னூலார் கொள்கை. நூலின் தகுதிக்கு அறிஞர் ஒருவர் உலகத்தார் முன்னிலையில் அளிக்கும் சான்று அது. ஆதலின் அதனை அளிப்போர்க்குப் பொறுப்பு மிகுதி.

மீனாட்சிசுந்தரனார் நந்தனார் சரித்திரத்தைப் பார்த்தார். அவருக்கு இரண்டு தடைகள் தோன்றின. கீர்த்தனைகளில் இலக்கணத்தோடு பொருந்தாத சொற்கள் பல இருந்தன. பேச்சு வழக்குச் சொற்கள் அப்படியே வந்திருந்தன. கதையும் பெரியபுராணத்தினின்று வேறுபட்டிருந்தது. சென்னைப் பல்லாவரத்திற்கு மேற்கேயுள்ள குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார், நந்தனாரின் வரலாற்றைப் பெரியபுராணத்துள் சுருங்கப் பாடியுள்ளார். அதில் நந்தனாரைத் தில்லைக்குப் போகவொட்டாமல் தடுக்கும் வேதியர் ஒருவர் இல்லை. அவ்வேதியரைப் பாரதியார் தாமே படைத்துக் கதையின் நடுநாயகமாக வைத்திருந்தார். மீனாட்சிசுந்தரனாரோ சேக்கிழாரைத் தெய்வமாகப் போற்றியவர். அவர்மீது பிள்ளைத்தமிழே பாடியவர். சேக்கிழார் வாக்கை மாற்றிய நூலுக்குச் சான்று அளிப்பது எங்ஙனம் என்று அவர் உள்ளம் தயங்கியது.

பாரதியார் மனத்தைப் புண்படுத்தவும் அவருக்கு விருப்பமில்லை. குறையுடையது என்று தாம் கருதும் நூலைக் குறையற்றதென்று பாடவும் விருப்பமில்லை. ஆதலால் நாள்களைக் கடத்தி வந்தார். பாரதியார் பலமுறை வந்து வந்து திரும்பினார். இத்தயக்கம் மீனாட்சிசுந்தரனாரின் பெருமையையும் காட்டுகிறது. அவருடைய இடர்ப்பாட்டையும் காட்டுகிறது. உண்மையை மறைக்காதிருந்தமை பெருமை. அதனை வெளிப்படக் கூறாமல் நண்பரை அலையவிட்டமை ஒரு குறையே ஆகும். காரணத்தை எடுத்துரைத்திருந்தால் பாரதியார் விடை கூறவோ, திருத்தவோ வழி இருந்திருக்கும்.

ஒரு நாள் நண்பகலில் பாரதியார் வழக்கம்போல் வந்தார். உணவுக்குப் பின் மகாவித்துவான் உள்ளே ஓய்வு கொண்டிருந்தார். அவரை எழுப்ப மனமின்றிப் பாரதியார் திண்ணையில் அமர்ந்தார். காத்திருந்த வேளையில், நந்தனார் சரித்திரத்திலிருந்து ஒரு கீர்த்தனையைத் தமக்குத்தாமே பாடத் தொடங்கினார். கேட்போரை எண்ணிப் பாடிய பாட்டன்று அது. தில்லையை எண்ணி ஏங்கும் நந்தனாரின் உள்ளமே குரலாக வெளிப்பட்டது. உள்ளே படுத்திருந்த மகாவித்துவான் விழித்தார், செவி கொடுத்தார், கண்களில் நீர் பெருகியது. பாட்டு முடிந்ததும் வெளியே வந்தார். அதுகாறும் மறுத்து வந்த சிறப்புப்பாயிரத்தை மனமுவந்து பாடிக் கொடுத்தார்.

இங்கே நிகழ்ந்தது யாது? இலக்கணப் பிழை பிழையன்று என்று மகாவித்துவான் முடிவு செய்துவிடவில்லை. சேக்கிழார் கூறிய வரலாறும் மாறிவிடவில்லை. ஏட்டில் பார்த்தபோது அவர் அந்நூலைக் காப்பியத்தை அளக்கும் கோலால் அளந்தார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் உறுப்புகளோடு பண்ணும் தாளமும் கூடி நிற்பது கீர்த்தனை. அது கண்ணால் படிக்கப்படுவதற்கன்றிக் காதால் கேட்கப்படுவதற்கே பிறந்தது. அதனை அது பிறந்த இடத்தில் வைத்துக் கேட்டபோதுதான் அதன் குணம் அவர்க்குப் புலனாயிற்று. குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து அவற்றுள் மிக்கது எதுவோ அதனைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. அந்நெறியைத் தம் முந்தைய முடிவுக்கு எதிராகவும் கைக்கொண்டமையே மகாவித்துவானின் நேர்மை. தம் கருத்தை மாற்றிக்கொள்வதால் தம் புலமைக்கு இழுக்கு வரும் என்று அவர் அஞ்சவில்லை.

நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அச்சில் வந்து தமிழ்நாடெங்கும் பரவியது. பாரதியார் படைத்த வேதியரும் மக்கள் உள்ளத்தில் நிலைபெற்றுவிட்டார்.

இசையும் தமிழும்

சாமிநாதையர் 1871ஆம் ஆண்டில் மாயூரத்தில் மகாவித்துவானிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது பதினாறு. அவர் தந்தையார் வேங்கடசுப்பையர் இசையில் வல்லவர். மகன் இசையையும் விடாமல் பயில வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். ஆதலால் சாமிநாதையர் தமிழ்ப் பாடம் கேட்டு எஞ்சிய நேரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சென்று இசை பயின்றார். இதனை அறிந்த மகாவித்துவான், இசையில் கருத்துச் சென்றால் இலக்கிய இலக்கணப் பயிற்சி தளரும் என்று கருதினார். ஆசிரியரின் உள்ளக் குறிப்பை உணர்ந்த சாமிநாதையர் இசைப் பயிற்சியை நிறுத்திக்கொண்டார்.

பாரதியாரின் பாட்டைக் கேட்டுக் கண்ணீர் உகுத்த பெருமகனார், தம் மாணாக்கர் அப்பாட்டைக் கற்பதை விரும்பவில்லை என்பது வியப்பாகத் தோன்றலாம். பெரியோர் கூறும் அறிவுரையிலும் அவரவர் பற்றுக் கலந்திருத்தல் இயல்பே. அன்பினால் தோன்றிய அவ்வறிவுரை ஒரு வழியில் நன்மையாயிற்று. தமிழுக்கு ஒரு பேரறிஞர் கிடைத்தார். சாமிநாதையரோ இசையை முற்றும் மறந்துவிடவில்லை. பிற்காலத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரின் வரலாற்றையும் அன்போடு எழுதி வெளியிட்டு, இரண்டு ஆசிரியர்களுக்கும் செய்ய வேண்டிய கடனைச் செய்தார்.

அரங்கேற்றம் என்னும் சோதனை

மகாவித்துவான் பிறர் செய்யுளைத் திருத்தியவர் மட்டும் அல்லர். தம் செய்யுளைப் பிறர் சோதனைக்கு உட்படுத்தியவருமாவார். அவர் இயற்றிய தலபுராணங்கள் மட்டும் இருபதுக்கு மேற்பட்டவை. திருநாகைக்காரோணப் புராணம், திருக்குடந்தைப் புராணம், அம்பர்ப் புராணம் முதலியன அவற்றுட் சில. பிள்ளைத்தமிழ், அந்தாதி, கலம்பகம், கோவை எனப் பல்வகைச் சிற்றிலக்கியங்களையும் அவர் இயற்றினார். மாணாக்கர் ஏடும் எழுத்தாணியும் கொண்டு அருகில் அமர, எழுதும் கை ஓயும் அளவிற்கு அவர் பாடல்களைச் சொல்லிச் செல்வார்.

புராணம் ஒன்று முடிந்தால் அது கற்றோர் கூடிய அவையில் அரங்கேறுதல் மரபு. நாள்தோறும் சில பாடல்கள் படிக்கப்பட்டுப் பொருள் கூறப்படும். இவ்வாறு பல நாள் நடைபெறும். கற்றோர் எவரும் எழுந்து தடை கூறலாம். இச்சொல்லுக்கு வழக்கு உண்டா, இவ்வுவமை பொருந்துமா, இக்கதைக்கு மூலம் யாது என்று வினாவலாம். ஆக்கியோன் பழைய நூலிலிருந்து மேற்கோள் காட்டி விடை கூறுதல் வேண்டும். குன்றக் கூறல், மிகைபடக் கூறல் முதலாக நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று நன்னூல் வகுத்திருக்கிறது. அழகுகளும் பத்து என்று அதுவே வகுத்திருக்கிறது. தடை கூறுவோர்க்கும் விடை கூறுவோர்க்கும் பொதுவான அளவுகோலாக இவை நின்றன. அதனால் வினா ஆளை நோக்காமல் நூலை நோக்கியே எழ வழி இருந்தது.

நூல் அச்சாகி ஊரெங்கும் பரவிய பின் பிழை காண்பதினும், அவையில் படிக்கும்போதே காண்பது நன்று. ஓலையில் எழுதியதை அழித்தல் அரிது. உலகத்தில் பரவியதை அழித்தல் அதனினும் அரிது. இவ்வுண்மையை உணர்ந்தவர் ஆதலின் மீனாட்சிசுந்தரனார் அரங்கேற்றத்தை அஞ்சத்தக்க போராகக் கருதாமல், நூலைத் தூய்மை செய்யும் வேள்வியாகவே கருதினார்.

இறுதியும் வழிமரபும்

இத்துணைப் புகழ் பெற்றும் அவர் செல்வராக வாழவில்லை. வந்த பொருளை மாணாக்கர்க்கும் வறியவர்க்கும் கொடுத்துக் கடனோடு வாழ்ந்தார். 1876ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 1ஆம் நாள் திருவாவடுதுறையில் அவர் இயற்கை எய்தினார். சவேரிநாத பிள்ளை தம் மார்பில் ஆசிரியரைத் தாங்கியிருந்தார். சாமிநாதையர் திருவாசகம் படித்துக்கொண்டிருந்தார். கிறித்தவ மாணாக்கர் தாங்க, அந்தண மாணாக்கர் திருமுறை ஓத, அந்நல்லுயிர் பிரிந்தது.

ஆசிரியரிடம் கற்ற பண்பு மாணாக்கரிடம் விளங்கியது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் 1880ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றபோது, தம் இடத்திற்குச் சாமிநாதையரையே பரிந்துரைத்தார். சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தார். பாராட்டோடு குறைகூறலும் வந்தது. அவற்றுள் பகைமையினால் எழுந்தவையும் இருந்தன. அவர் பகைமைக்கு விடை எழுதுவதில் காலத்தைக் கழிக்கவில்லை. மேலும் சுவடிகளைத் தேடி ஒப்பு நோக்கி, அடுத்த பதிப்பில் திருத்தங்களைச் சேர்த்தார். பரதேசியின் பின்னே தெருத்தெருவாகச் சென்று கற்ற ஆசிரியரின் மாணாக்கர் அல்லரோ அவர்! தம் ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி, முதற்பாகத்தை 1933ஆம் ஆண்டில் வெளியிட்டு, அவர் புகழை நிலைநாட்டியவரும் அவரே.

குற்றம் காண்பது எளிது. அது நீங்கும் வழியைக் காட்டுவதே அரிது. திருத்தத்தைப் பெறுவோர், தம்மையன்றித் தம் படைப்பையே பிறர் நோக்குகின்றனர் என்று உணர்தல் வேண்டும். திருத்துவோர், தம் அளவுகோல் அப்படைப்புக்கு ஏற்றதுதானா என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். மாயூரத்துத் திண்ணையில் எழுந்த ஒரு பாட்டு மகாவித்துவானுக்கே அதனைக் கற்பித்தது. கற்பிக்கும் நிலையை அடைந்த பின்னும் கற்றுக்கொள்ள மறவாதிருந்தமையே அவருடைய பெருமைகளுள் தலையாயது ஆகும்.